சுனாமிக்குப் பிறகு காலியான நாற்காலி: 2011 ஜப்பானில் ஆங்கில ஆசிரியர் வேலை

2024 புத்தாண்டு மாலை ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவு நிலநடுக்கம். வஜிமா ஊரின் காலைச் சந்தைத் தெரு பற்றி எரிவதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, அங்க இருக்கிற இங்கிலீஷ் டீச்சருங்க எல்லாம் இப்ப ஊருக்குக் கிளம்பிடுவாங்கள்ல? வேலை காலியாகுமா?"

சுருக்கென்றது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்கிற கதையாக இருக்கிறதே என்று திட்டவும் திட்டினேன். அப்புறம் யோசித்தால் கேள்வி அவ்வளவு மோசமானதாகத் தெரியவில்லை. ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு ஆசிரியர் தேவைதான், வேலை இல்லாதவனுக்கு வேலை தேவைதான். பேரழிவு நடந்த நாட்டில் வேலைச் சந்தை உண்மையில் எப்படி நகர்கிறது என்பதைத்தான் அவன் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கு நோட்டோ சரியான உதாரணம் இல்லை. மக்கள் தொகை குறைந்த, வயதானவர்கள் அதிகமுள்ள பகுதி அது. நாட்டின் மற்ற இடங்களில் வகுப்புகள் வழக்கம்போல நடந்தன. 2011 மார்ச்தான் எடுத்துப் பார்க்க வேண்டிய நிகழ்வு.

வெள்ளிக்கிழமை, மதியம் 2.46

மார்ச் 11. வடகிழக்குக் கடலோரத்துக்கு அப்பால் 9.0 அளவு நிலநடுக்கம், பின்னாலேயே சுனாமி. இந்தச் சொல்லை 2004 டிசம்பருக்குப் பிறகு தமிழில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இறந்தவர்கள் 15,900 பேர் அளவில், காணாமல் போனவர்கள் சுமார் 2,500 பேர். ஃபுகுஷிமா டாய்இச்சி அணுமின் நிலையத்தில் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. ஏப்ரல் 12 அன்று அந்த விபத்தை ஏழாம் நிலைக்கு உயர்த்தினார்கள். செர்னோபிலுக்குக் கொடுத்த அதே நிலை.

வேலைச் சந்தையைப் பொறுத்தவரை இந்த எண்களைவிட முக்கியமானது மாதம். ஜப்பானில் பள்ளி ஆண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்கும். பட்டமளிப்பு நடக்கும், ஆசிரியர்களை இடம் மாற்றுவார்கள், ஆங்கில உதவி ஆசிரியர்களுக்கான ஒப்பந்தங்கள் முடிந்து புதியவை தொடங்கும். அந்த மாறுகிற நேரத்தில்தான் நிலநடுக்கம் வந்தது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தொடக்கப் பள்ளி 5, 6-ஆம் வகுப்புகளுக்கு அந்நிய மொழி வகுப்பைக் கட்டாயமாக்கிய புதிய பாடத்திட்டம் அமலுக்கு வந்தது அதே 2011 ஏப்ரலில். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான தொடக்கப் பள்ளிகள் முதல்முறையாக முறைப்படி ஆங்கிலத்தைத் தொடப்போகிற மாதத்தில் வெளிநாட்டு ஆசிரியர்கள் விமான டிக்கெட் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஷினகாவா வரிசை

டோக்கியோ குடிநுழைவு அலுவலகம் ஷினகாவாவில் இருக்கிறது. சாதாரண நாளிலேயே டோக்கன் வாங்கி அரை நாள் உட்கார வேண்டிய இடம். மார்ச் 11-க்கு அடுத்த வாரம் வரிசை கட்டடத்துக்கு வெளியே நீண்டது. அந்தக் கூட்டம் நின்றது விமானத்துக்காக இல்லை, ரீ-என்ட்ரி பர்மிட்டுக்காக.

இந்த நடைமுறை இப்போது இல்லை என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டும். அன்றைய சட்டப்படி வேலை விசாவில் இருப்பவர் அந்த அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினால் அவருடைய வசிப்புத் தகுதி அங்கேயே முடிந்துவிடும். திரும்பி வர எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருமுறை போய்வர 3,000 யென், பலமுறை போய்வர 6,000 யென். பணத்தைக் கையில் வாங்க மாட்டார்கள், வருவாய் முத்திரை வாங்கி ஒட்ட வேண்டும். கையில் பர்மிட் இருந்தவர் 'போய்விட்டு வருகிறேன்' என்று சொல்ல முடிந்தது. இல்லாமல் நேராக விமான நிலையம் போனவர் திரும்பி வருவதையே கைவிட்டார். 2012 ஜூலையில் புதிய வசிப்பு அட்டை முறை வந்தபோதுதான் ஓராண்டுக்குள் திரும்புபவர்களுக்குத் தனி பர்மிட் வேண்டாம் என்றானது.

மார்ச் 12 முதல் நான்கு வாரங்களில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டவர் ஜப்பானைவிட்டு வெளியேறியதாக குடிநுழைவுத் துறையின் கணக்கு. சுற்றுலாப் பயணிகள், மாணவர்கள், தொழிலாளர்கள் எல்லாரும் இதில் அடக்கம். பாதிக்கு மேற்பட்டவர்களிடம் ரீ-என்ட்ரி பர்மிட் இருந்தது. அதாவது திரும்பி வரும் எண்ணத்தோடுதான் போயிருக்கிறார்கள். 'வேலை காலியாகுமா' என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

போனவர்களைக் கேலி செய்ய ஒரு சொல் உடனே முளைத்தது: ஃப்ளைஜின். வெளிநாட்டவரைக் குறிக்கும் 'கைஜின்' என்ற சொல்லோடு பறப்பதை ஒட்டிச் செய்தது. அந்தக் கேலி எனக்கு ஏற்புடையதில்லை. ஃபுகுஷிமா நகரில் வேலை பார்த்த ஓர் அமெரிக்க ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். அணுமின் நிலையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். ஜப்பான் அரசு வெளியேறச் சொன்னது 20 கிலோமீட்டருக்குள், வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னது 30 வரை. அமெரிக்க அரசு தன் குடிமக்களை 80 கிலோமீட்டருக்கு அப்பால் போகச் சொன்னது. பள்ளி ஏப்ரலில் திறக்கும் என்கிறார்கள், தூதரகம் கிளம்பு என்கிறது, அம்மா மணிக்கொரு தரம் போன் செய்து அழுகிறார். அந்த நிலையில் கிளம்பியவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. பள்ளி திறந்த பிறகும் நிலைமை சாதாரணமாகிவிடவில்லை. ஏப்ரல் இறுதியில் கோரியாமா நகரில் பள்ளி மைதானங்களின் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள்.

ஆனால் எப்படிக் கிளம்பினார் என்பது வேறு விஷயம். சொல்லிவிட்டுப் போனவர், தேதி சொன்னவர், தலைமை ஆசிரியருக்கு ஒரு போன் போட்டவர் பெரும்பாலும் திரும்பி வந்து தன் மேஜையிலேயே உட்கார முடிந்தது. அடுக்குமாடிச் சாவியைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டு மறைந்தவருக்கு அது முடியவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களையும் அந்தச் சாவி துரத்தியது. அதற்கப்புறம் நேர்முகத் தேர்வுகளில் ஒரு கேள்வி, நேரடியாகவோ சுற்றிவளைத்தோ, நுழைந்துகொண்டது: மறுபடி நிலம் ஆடினால் நீங்கள் இருப்பீர்களா?

காலி இடம் யாருக்குப் போனது

ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்க வெளிநாட்டவருக்கு மூன்று வாசல்கள். 1987-இல் தொடங்கிய அரசாங்க ஜெட் திட்டம் ஒன்று. நகரக் கல்வி வாரியங்கள் நேரடியாகவோ, ஆளை எடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பும் டிஸ்பேட்ச் கம்பெனி வழியாகவோ எடுக்கும் உதவி ஆசிரியர் வேலை இரண்டாவது. எய்கைவா எனப்படும் தனியார் பேச்சு ஆங்கிலப் பள்ளிகள் மூன்றாவது.

ஜெட் திட்டத்தின் வேகம் அரசாங்க வேகம். முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் அவரவர் நாட்டு ஜப்பானியத் தூதரகத்தில் விண்ணப்பம், பிப்ரவரி வாக்கில் நேர்முகம், வசந்தத்தில் முடிவு, ஜூலை-ஆகஸ்டில் விமானம். மார்ச்சில் பூமி ஆடியது என்பதற்காக இந்த அட்டவணை அசையாது. இடத்தை வேண்டாம் என்றவர்களுக்குப் பதிலாகக் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கு அழைப்பு போகும். ஆனால் அந்தப் பட்டியலில் ஏற ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். 2010-இல் திட்டத்தில் இருந்தவர்கள் 4,300 பேருக்குச் சற்று அதிகம், 2011-இலும் அதே அளவுதான். உலகமே ஜப்பானைக் கண்டு பயந்த ஆண்டில் இந்த எண் நகரவே இல்லை. இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்த தகவல் இது.

டிஸ்பேட்ச் வாசலில் அவசரம் இருந்தது உண்மை. ஏப்ரல் முதல் வாரத்தில் வகுப்பறையில் ஆள் நிற்க வேண்டும். ஆனால் வெளிநாட்டிலிருந்து ஒருவரை வரவழைக்க வேலை கொடுப்பவர் முதலில் ஜப்பான் குடிநுழைவுத் துறையில் 'தகுதிச் சான்றிதழ்' வாங்க வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். சான்றிதழ் வந்த பிறகு தூதரகத்தில் விசா, அப்புறம் டிக்கெட். மார்ச் 20-ஆம் தேதி சென்னையிலிருந்தோ சிகாகோவிலிருந்தோ விண்ணப்பம் போட்டவர் ஏப்ரல் 8-ஆம் தேதி வகுப்பில் நிற்க வழியே கிடையாது.

அப்படியானால் யாரை எடுத்தார்கள்? ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களை. ஜப்பானியரை மணந்து குடும்ப விசாவில் இருந்தவர், ஒசாகா பக்கம் அரைகுறை வேலையில் இருந்தவர், முந்தைய கம்பெனி மூழ்கியதில் பகுதி நேர வகுப்புகளை ஒட்டுப்போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தவர். இந்தக் கடைசி வகையினர் அங்கே ஏன் இருந்தார்கள் என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. 2007 அக்டோபரில் நோவா என்ற அன்றைய மிகப் பெரிய எய்கைவா நிறுவனம் சரிந்தது. சுமார் 4,000 வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். கம்பெனி பிடித்துக் கொடுத்த வீட்டுக்கு வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு என்பதால் வேலையோடு வீடும் ஆட்டம் கண்டது. சாப்பாட்டுக்குப் பதிலாகப் பாடம் எடுக்கும் ஏற்பாடுகூட நடந்ததாக அப்போது செய்திகள் வந்தன. 2010 ஏப்ரலில் ஜியோஸ் என்ற இன்னொரு பெரிய நிறுவனமும் திவாலானது. கடலும் நிலமும் அசையாமலே நடந்த விபத்துகள் இவை. ஆசிரியர்களின் பிழைப்பு என்ற அளவில் மட்டும் பார்த்தால், 2011 நிலநடுக்கத்தைவிட நோவாவின் சரிவு அதிகம் பேரைத் தாக்கியது என்றுதான் சொல்வேன்.

எய்கைவா வாசல் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். ஆனால் அங்கே இன்னொரு பக்கத்திலிருந்து அடி விழுந்தது: மாணவர்களே வரவில்லை. டோக்கியோ பகுதியில் முறைவைத்து மின்வெட்டு, ரயில்கள் குறைந்தன. 'ஜிஷுகு' என்ற மனநிலை ஊரையே பிடித்திருந்தது. வடக்கே ஊர்கள் அழிந்து கிடக்கும்போது நாம் கொண்டாடக் கூடாது, செலவழிக்கக் கூடாது என்ற தன்னடக்கம் அது. செர்ரிப் பூ பார்க்கும் விருந்துகள் ரத்தாயின. அந்த நேரத்தில் மாலையில் போய் 'ஹவ் வாஸ் யுவர் வீக்கெண்ட்' என்று பேசிப் பழக யாருக்கு மனம் வரும்? ஒரு பக்கம் ஆசிரியர் இல்லை, மறுபக்கம் மாணவர் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டன. பல பள்ளிகள் வகுப்புகளைச் சேர்த்து நடத்திச் சமாளித்தன.

சம்பளக் கணக்கையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். எய்கைவாவில் அன்று வழக்கமான மாதச் சம்பளம் இரண்டரை லட்சம் யென். பேரழிவு நடந்த நாட்டின் பணம் விழும் என்று நினைப்போம். யென் ஏறியது. மார்ச் 17 அன்று ஒரு டாலருக்கு 76 யென் பக்கம் போய்ச் சாதனை படைத்தது. மறுநாள் ஜி-7 நாடுகள் சேர்ந்து தலையிட வேண்டியிருந்தது. இரண்டரை லட்சம் யென் மாதம் 3,000 டாலரைத் தாண்டியது. கல்விக் கடன் கட்டிக்கொண்டிருந்த அமெரிக்க இளைஞர்கள் ஜப்பானை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். நம் கணக்கில் அன்று ஏறக்குறைய 1.4 லட்சம் ரூபாய். வேடிக்கை என்னவென்றால், 2024-இலும் அதே இரண்டரை லட்சம் யென்னுக்கு அதே 1.4 லட்சம்தான் வந்தது. சென்னையில் வீட்டு வாடகை மட்டும் 2011-இலேயே நின்றுவிடவில்லை.

அதற்கு 17 நாள் முன்னால்

ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் ஊர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் நிலநடுக்கம். மொத்தம் 185 பேர் இறந்தார்கள். அதில் 115 பேர் ஒரே கட்டடத்தில், சிடிவி கட்டடத்தில். அங்கே ஓர் ஆங்கில மொழிப் பள்ளி இயங்கிவந்தது. ஆங்கிலம் படிக்க வந்த ஜப்பானிய, சீன மாணவர்கள் பலர் அதில் இறந்தார்கள். ஜப்பானியர் மட்டும் 28 பேர்.

இரண்டு ஊரிலும் 'ஆங்கில ஆசிரியர் வேலை' என்று ஒரே பெயர். ஆனால் கிறைஸ்ட்சர்ச்சில் ஆசிரியர் உள்ளூர்க்காரர், மாணவர்தான் விமானம் ஏறி வருகிறவர். நிலம் ஆடினால் மாணவர் வரத்து நின்றுவிடும், அதோடு வேலையும் போய்விடும். ஜப்பானில் மாணவர் உள்ளூர்க்காரர், வெளியிலிருந்து வருவது ஆசிரியர். ஏழாம் வகுப்புப் பிள்ளை எங்கேயும் பறந்துவிடப் போவதில்லை, ஏப்ரலில் பள்ளிக்கு வந்தே தீரும். அதனால் அரசுப் பள்ளி வேலை நிலைத்தது, வயது வந்தோர் காசு கொடுத்துப் படிக்கும் எய்கைவா தள்ளாடியது. பேரழிவுக்குப் பின் வேலை தேடுகிறவர் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் மாணவர் எங்கிருந்து வருகிறார் என்று கேட்கலாம்.

இஷினோமாகி

சுனாமி அடித்த கடற்கரையைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. காரணம், வேலைக் கணக்கில் அந்தக் கடற்கரை அப்போது கிடையாது. பள்ளிகளே இடம் மாறின, இரண்டு மூன்று பள்ளிகள் ஒரே கட்டடத்தில் நடந்தன, பிள்ளைகள் உறவினர் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். அணுமின் நிலையம் இருந்த ஃபுதாபா ஊரின் நிர்வாகமே அலுவலகத்தோடு சைதாமா மாகாணத்தில் மூடிக்கிடந்த ஓர் உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. ஊரே ஊரில் இல்லாதபோது அந்த ஊர்க் கல்வி வாரியத்தில் வேலை தேடுவது எப்படி?

உதவிக்குப் போகலாம், போனார்கள். ஆனால் அது வேலை இல்லை. தன்னார்வலர் தனக்கான சாப்பாட்டையும் படுக்கைப் பையையும் தானே கொண்டுபோக வேண்டும், வீட்டுக்குள் புகுந்த சேற்றை மண்வெட்டியால் வாரிக் கொட்ட வேண்டும், ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும். அங்கே வெளிநாட்டு ஆசிரியர்களிடம் இருந்த ஆங்கிலத்தைவிட அவர்கள் கற்றுவைத்திருந்த ஜப்பானிய மொழிதான் அதிகம் பயன்பட்டது.

ஜெட் திட்டத்தில் இருந்த இருவர் அந்தச் சுனாமியில் இறந்தார்கள். ரிகுசென்தகாதாவில் மான்ட்கோமரி டிக்சன், வயது 26, அலாஸ்காக்காரர். இஷினோமாகியில் டெய்லர் ஆண்டர்சன், வயது 24, வர்ஜீனியாவிலிருந்து வந்தவர். நிலம் ஆடியபோது டெய்லர் தொடக்கப் பள்ளியில் இருந்தார். பிள்ளைகளைப் பெற்றோர் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை உடன் இருந்துவிட்டுத் தன் சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பினார். வழியில் அலை.

அவருடைய பெற்றோர் தொடங்கிய நினைவு நிதியிலிருந்து அவர் பாடம் எடுத்த பள்ளிகளுக்கு ஆங்கிலப் புத்தகங்களும் அலமாரிகளும் போயின. 'டெய்லர் பூன்கோ' என்று பெயர். அந்த அலமாரிகளைச் செய்தவர் அதே ஊர்த் தச்சர். சுனாமியில் அவருடைய மூன்று பிள்ளைகளும் போய்விட்டார்கள். டெய்லரிடம் ஆங்கிலம் படித்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அந்தக் கைகளால் மற்றப் பிள்ளைகளுக்காக அலமாரி செய்து கொடுத்திருக்கிறார். அக்கா மகனுக்கு வேறு எதைச் சொன்னேனோ இல்லையோ, இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை.

அவனுடைய கோப்பு

சரி, இப்போது அவன் விஷயம். நோட்டோவை விட்டுவிடு, ஜப்பானில் எங்கேயாவது என்று பார்ப்போம் என்றேன். டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கி வேலை பிடிக்கும் யோசனை வேண்டாம், அந்த விசாவில் சம்பளம் வாங்கினால் குற்றம். வேலை வாங்கித் தருகிறேன் என்று இங்கே முன்பணம் கேட்கிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துவிட வேண்டும். விண்ணப்பத்தில் 'ஏன் ஜப்பான்' என்ற கேள்விக்குப் பேரழிவைத் தொட்டுப் பேசாதே என்றும் சொன்னேன். அதைப் படிக்கிற தலைமை ஆசிரியர் 2011-ஐத் தன் கண்ணால் பார்த்தவராக இருப்பார். உன் இரக்கம் அவருக்கு எதற்கு? எவ்வளவு நாள் இருப்பாய் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

பட்டம் இருக்கிறது, அது முதல் தேவை. அடுத்தது பலரும் கவனிக்காத ஒரு விதி. அரசுப் பள்ளியில் உதவி ஆசிரியராகப் போக 'கல்வி' என்ற வகை விசா. அந்நிய மொழி கற்பிக்கிறவர் அந்த மொழியிலேயே குறைந்தது 12 ஆண்டுகள் படித்திருக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. அமெரிக்கருக்கோ ஆஸ்திரேலியருக்கோ இது கண்ணிலேயே படாது. நமக்குத்தான் சான்றிதழ்களை எடுத்து ஆண்டுகளை எண்ண வேண்டியிருக்கிறது. எய்கைவா பக்கம் விசா வகை வேறு, அங்கே பட்டம் போதும்.

"நான் இங்கிலீஷ் மீடியம்தான் மாமா" என்றான் தைரியமாக.

"டி.சி.யை எடுத்துப் பார்றா."

மறுநாள் காலை வாட்ஸாப்பில் இரண்டு படங்கள் வந்தன. ஐந்தாம் வகுப்புவரை ஊரிலேயே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி: பயிற்று மொழி, தமிழ். ஆறிலிருந்து பன்னிரண்டுவரை டவுனில்: ஆங்கிலம், ஏழு ஆண்டுகள். அதோடு பொறியியல் கல்லூரி நான்கு. கீழே அவனே கூட்டிப் போட்டிருந்தான்.

"பதினொண்ணு. ஒரு வருஷம் குறையுது மாமா. எய்கைவாவே பாக்குறேன்."